எண்ணெய் முறிக்குமா காரீயத்தை?

சென்ற மாதம் எண்ணெய்க் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் நம் கடைவீதியில் கடை கடையாக ஏறி இறங்கினார். கையில் ஒரு லிட்டர் பாட்டில்கள் கொண்ட அட்டைப்பெட்டி. கூடவே பளபளவென்று ஒரு விளம்பரத் தட்டி. குடலைக் காக்கும் கொழுப்பு அமிலங்கள் இந்த எண்ணெயில் நிறைந்திருக்கின்றன, உடலில் சேரும் கன உலோகங்களை இது முறித்து வெளியேற்றும் என்பது தட்டியில் கண்ட செய்தி. தட்டியைக் கல்லாவுக்கு மேலே மாட்டினால் பெட்டிக்கு ஒரு பாட்டில் இலவசம். நம் உறுப்பினர்களில் சிலர் மாட்டியும் விட்டார்கள். சிலர் சங்க அலுவலகத்துக்கு வந்து, "இதை மாட்டலாமா, இதில் சொல்வது உண்மைதானா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்ன பதிலை எல்லா உறுப்பினர்களுக்குமாக இங்கே எழுதுகிறோம். மாட்ட வேண்டாம் என்பதே பதில். அதற்கான காரணம் கொஞ்சம் நீளமானது. எண்ணெயில் தொடங்கி நம்முடைய மஞ்சள் மூட்டையில் போய் முடிவது. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக் கொள்வோம். ஈயம் என்ற ஒரே சொல்லால் நம் மக்கள் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறார்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், நல்ல ஈயச் சொம்பு வார்ப்பதும் வெள்ளீயம். பழைய தண்ணீர்க் குழாய், பேட்டரி, சில வண்ணப் பூச்சுகள் ஆகியவற்றில் இருப்பது காரீயம். நஞ்சு என்று இங்கே நாம் பேசுவது காரீயத்தை. (வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்த சொம்பை விற்கும் பாத்திரக் கடைக்காரரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். ரசத்தின் புளி அதைக் கரைத்துக்கொண்டு வரும்.) காரீயத்தோடு காட்மியம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றையும் சேர்த்துப் பொதுவாகக் கன உலோகங்கள் என்கிறார்கள்.

குடலின் உட்சுவர் நாம் நினைப்பது போலத் தடித்த தோல் அல்ல. ஒரே ஒரு வரிசை செல்கள்தான் அங்கே காவல். ஒன்றோடு ஒன்று நெருக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் செல்கள் நான்கைந்து நாளைக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. வேண்டியதை உள்ளே விடுவதும் வேண்டாததை வெளியே நிறுத்துவதும் அவற்றின் வேலை. காட்மியம் பட்டால் செல்லுக்கும் செல்லுக்கும் இடையே உள்ள அந்த ஒட்டு தளர்ந்து விடுகிறது என்பதைப் பரிசோதனைச் சாலையில் வளர்த்த செல்களில் கண்டிருக்கிறார்கள். ஒட்டு தளர்ந்தால் வாயிற்காவலன் தூங்கிய கிடங்கு போலத்தான். மேலும், இரும்புச் சத்து உள்ளே போவதற்கென்று குடல் செல்களில் இருக்கும் வழியிலேயே காட்மியமும் நுழைந்து விடும். உடலில் இரும்பு குறைந்தால் அந்த வழிகள் பெருகும். பெருகினால் காட்மியமும் கூடுதலாக உள்ளே போகும். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இதில் அபாயம் அதிகம். சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும்.

சரி, கொழுப்பு அமிலம் இதில் எங்கே வருகிறது? தட்டி எழுதியவர் முழுக்க முழுக்கக் கற்பனையாக எழுதவில்லை. பாதி உண்மையை எடுத்துக்கொண்டார். முழுப் பொய்யைவிட அதுதான் நமக்குத் தொல்லை.

நாம் விற்கும் எந்த எண்ணெயும் கொழுப்பு அமிலங்களால் ஆனதுதான். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். நல்லெண்ணெயில் ஒலீக், லினோலீக் இரண்டும் கிட்டத்தட்டச் சம பங்கு. சூரியகாந்தியில் பெரும்பாலும் லினோலீக். கடலை எண்ணெயில் ஒலீக் முன்னே நிற்கும். இவையெல்லாம் நீளமான சங்கிலிகள். இவற்றுக்கு மாறாக, நான்கே கரி அணுக்கள் கொண்ட குட்டிச் சங்கிலி ஒன்று உண்டு. அதன் பெயர் பியூட்டிரிக் அமிலம். வெண்ணெயில் முதலில் கண்டெடுத்ததால் வெண்ணெயின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பெருங்குடல் செல்களுக்கு முக்கிய உணவு இந்தக் குட்டி அமிலம்தான். தங்களுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை அவை சர்க்கரையிலிருந்து எடுப்பதில்லை, இதிலிருந்துதான் எடுக்கின்றன. வளர்ப்புச் செல்களில் இதை அளவாகச் சேர்த்தால் செல்களுக்கு இடையேயான ஒட்டு இறுகுகிறது. அளவு மிஞ்சினால் அதே அமிலம் ஒட்டைக் கெடுத்தும் விடுகிறது. குடலைக் காக்கும் கொழுப்பு அமிலம் என்ற பேச்சுக்கு வேர் இதுதான்.

ஆனால் அந்த அமிலம் பெருங்குடலுக்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிரதிநிதி கொண்டுவந்த பாட்டிலில் அது இல்லவே இல்லை. நெய்யில் இருக்கிறது, நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு. அதுவும் மேலே சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு விடுவதால் பெருங்குடல் வரை போய்ச் சேராது. பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதை அங்கேயே தயாரிக்கின்றன. அவற்றின் மூலப்பொருள் நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து: பயறு, கொள்ளு, கேழ்வரகு, கம்பு, தோலோடு கூடிய கடலை, ஆறிப்போன சோற்றில் உருவாகும் செரிக்காத மாவுப்பொருள். அதாவது, பெருங்குடல் செல்லுக்கு உணவாகும் கொழுப்பு அமிலம் நம் கடையில் எண்ணெய் அலமாரியில் இல்லை. வாசலோரம் வாய் திறந்து வைத்திருக்கும் தானிய மூட்டையில் இருக்கிறது. அந்த மூட்டைக்கு யாரும் தட்டி அடித்துத் தருவதில்லை, இலவசப் பாட்டிலும் இல்லை.

அடுத்து, எண்ணெய் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு போய் வெளியே தள்ளும் என்பது. காரீயமும் கொழுப்பு அமிலமும் சேரும் என்பது மெய்தான். இரண்டும் சேர்ந்தால் ஒருவகைச் சோப்பு. காரீய ஆக்சைடை ஆலிவ் எண்ணெயில் காய்ச்சி அந்தச் சோப்பைக் கொண்டு பிளாஸ்திரி செய்வது ஐரோப்பாவில் மிகப் பழைய வைத்தியம். புண்ணுக்கும் கட்டிக்கும் போடுவார்கள். 1890களிலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்திலும் சுற்று வட்டாரத்திலும் ஏழைப் பெண்கள் பலர், கருவைக் கலைப்பதற்காக அந்தப் பிளாஸ்திரி மருந்தைச் சிறு உருண்டைகளாக உருட்டி விழுங்கினார்கள். காரீய நஞ்சு ஏறிப் படுக்கையில் விழுந்தார்கள். சிலர் கண்பார்வை இழந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். எண்ணெயோடு சேர்ந்த காரீயம் சாதுவாகி வெளியேறி விடும் என்றால் அந்தப் பெண்களுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது அல்லவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1970களில் எலிகளை வைத்து நடத்திய சோதனைகளில், தீனியில் எண்ணெயின் பங்கைக் கூட்டக் கூட்ட இரத்தத்தில் காரீயம் பல மடங்கு ஏறியது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அதே அளவில் நடக்கும் என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கிடைத்திருக்கும் சான்று தட்டியில் உள்ள வாசகத்துக்கு நேர் எதிர்த் திசையில் போகிறது என்பதை மறைக்க முடியாது. காரீயம் உள்ளே போவதைக் குறைப்பவை என்று உறுதியாகத் தெரிந்தவை விளம்பரத்துக்கு உதவாத சாதாரண விஷயங்கள்: வயிறு காலியாக இல்லாமல் இருப்பது, உணவில் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் போதிய அளவு இருப்பது. பெரியவர்களுக்கு உணவோடு சேர்ந்து வரும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே உடலில் ஏறும். வெறும் வயிற்றில் பாதிக்கு மேல் கூட ஏறலாம். குழந்தைகளுக்கோ சாதாரணமாகவே பாதி வரை ஏறிவிடும். காலையில் வெறும் வயிற்றில் மஞ்சள் தூள் கரைத்த வெந்நீர் குடிக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. வாடிக்கையாளர் நம்மிடம் மஞ்சள் தூள் வாங்கிப் போவதே அதற்குத்தான் என்றால், அந்தத் தூள் எப்படிப்பட்டது என்ற கேள்வி நம் தலையில்தான் வந்து விழுகிறது.

விஷயத்தின் நடுப்பகுதிக்கு வந்து விட்டோம். உலோகத்தை முறிக்க எது விற்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த உலோகம் எந்த வழியாக வீட்டுக்குள் போகிறது என்று பார்க்க வேண்டாமா? வழிகள் பல. பழைய பெயிண்ட், பேட்டரி உருக்கும் பட்டறை, கலப்பட உலோகப் பாத்திரம் என்று அவற்றில் பெரும்பாலானவை மளிகைக் கடைக்குச் சம்பந்தம் இல்லாதவை. மஞ்சள் அப்படி அல்ல.

வங்கதேசத்தில் நடந்ததை நம் வியாபாரிகள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அங்கே 1980களில் ஒரு பெருவெள்ளத்தில் மஞ்சள் நனைந்து நிறம் மங்கிப் போனது. மங்கிய சரக்கை விற்க வேண்டுமே! மெருகேற்றும்போது காரீய குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைத் தூவினார்கள். பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போடுகிற சாயம் அது. சரக்கு பளிச்சென்று ஆனது, விலையும் போனது. ஒரு வருஷத்துக் கஷ்டத்துக்குச் செய்த வேலை வழக்கமாகி, முப்பது ஆண்டுக்கு மேல் நிலைத்து விட்டது. கிராமத்துக் கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருப்பதைக் கண்ட ஆராய்ச்சியாளர்கள், பெயிண்ட், தகர டப்பா, பூச்சிமருந்து என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக் கடைசியில் மஞ்சளில் வந்து நின்றார்கள். காரீயத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஒருவகைக் கைரேகை உண்டு. அந்தப் பெண்களின் இரத்தத்தில் இருந்த கைரேகையும் மஞ்சளில் இருந்ததும் பொருந்தின. 2019-ல் இது வெளியாயிற்று.

அந்த ஆராய்ச்சியில் நம் மனத்தை உறுத்தியது வேறொரு செய்தி. மெருகு போடுபவர்களைக் கேட்டபோது, மொத்த வியாபாரிகள் பளிச்சென்ற நிறத்தைத்தான் கேட்கிறார்கள், அதனால்தான் சாயம் போடுகிறோம் என்றார்கள். மொத்த வியாபாரியைக் கேட்டால், வாங்குகிறவர் கண்ணுக்கு அதுதான் பிடிக்கிறது என்றார். இப்படி ஒருவர் மற்றவரைக் கைகாட்ட, நஞ்சு மட்டும் நேராக அடுப்படிக்குப் போயிற்று. சாயம் போட்டவரில் பலருக்கு அது நஞ்சு என்றே தெரியாது. 

அதன் பிறகு அந்த நாட்டார் செய்ததைப் பாராட்டாமல் இருக்க முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் சந்தை தோறும் எச்சரிக்கை ஒட்டியது. டாக்கா ஷியாம்பஜார் மொத்தச் சந்தையில் சோதனை நடத்திச் சாயம் கலந்த சரக்கு வைத்திருந்த இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் போட்டது. கையில் பிடித்துக் காட்டினால் காரீயம் உண்டா இல்லையா என்று அங்கேயே சொல்லி விடும் ஊடுகதிர்க் கருவியை வைத்தே அந்தச் சோதனை நடந்தது. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. 2019-ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் நூற்றுக்கு 47-ல் காரீயம் இருந்தது. 2020-ன் தொடக்கத்தில் அது 5 ஆயிற்று. 2021-ல் ஒன்றில்கூட இல்லை. மஞ்சள் அரவை ஆலைத் தொழிலாளிகளின் இரத்தத்திலும் காரீயம் நூற்றுக்கு 30 அளவுக்குக் குறைந்தது. எந்த எண்ணெயும் முறிமருந்தும் கொடுத்துக் குறைத்ததல்ல. சாயம் போடுவதை நிறுத்தியதால் குறைந்தது. மஞ்சள் வியாபாரமும் அழிந்து போகவில்லை.

அது பக்கத்து நாட்டுக் கதை, நமக்கென்ன என்று இருந்து விட முடியாது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளில் 23 நகரங்களில் 2020 டிசம்பர் முதல் சில மாதங்கள் மஞ்சள் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2024-ல் வெளிவந்தது. மாதிரிகளில் நூற்றுக்கு 14-ல் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம். பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களில் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமையும் தாண்டிய மாதிரிகள் கிடைத்தன. மெருகேற்றிய மஞ்சளிலும் சில்லறையாக அளந்து விற்கும் தூளிலும்தான் குற்றம் அதிகம். பாக்கெட்டில் அடைத்து விற்பதில் குறைவு. சில்லறைத் தூள் விற்கும் நமக்கு இது கசப்பான செய்திதான். கசக்கிறது என்பதற்காக மறைத்து வைக்க நாம் தயாரில்லை.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டுச் சட்டப்படி மஞ்சளில் காரீயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். அதாவது கிராமுக்கு 10 மைக்ரோகிராம். ஒரு குழந்தை நாளொன்றுக்கு அரை கிராம் மஞ்சள் தூள் சாப்பிடுவதாக வைத்துக்கொண்டால், கிராமுக்கு 1000 மைக்ரோகிராம் உள்ள தூளில் அது 500 மைக்ரோகிராம் ஆகிறது. உணவு வழியாகக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 500 எங்கே, 2.2 எங்கே! நம் சட்ட வரம்புக்குள் இருக்கும் தூளே அரை கிராமில் 5 மைக்ரோகிராம் தரக்கூடும் என்பதையும் கவனியுங்கள். காரீயத்தில் பாதகமற்ற அளவு என்று எதுவும் தெரியவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் கெடுக்கும்; காய்ச்சல் போல வெளியே தெரியாது. பள்ளிக்கூடத்தில் பின்தங்கும் பிள்ளையை மந்தம் என்று திட்டுவார்கள், காரணம் அஞ்சறைப் பெட்டியில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மறுபடி அந்தத் தட்டியைப் பாருங்கள். ஒரு கையால் நிறம் போட்ட மஞ்சளையும் மறு கையால் உலோகம் முறிக்கும் எண்ணெயையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும் கடையாக நம் கடை ஆகலாமா? வாடிக்கையாளர் அந்தத் தட்டியை நம்பினால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். எண்ணெய்தான் முறித்து விடுமே என்று குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்வதைத் தள்ளிப் போடுவார். காரீயம் மிகுந்து ஏறியவருக்கு மருத்துவமனையில் தனி மருந்து உண்டு. அதை மருத்துவர்தான் தர வேண்டும். நாம் லிட்டர் கணக்கில் தரக்கூடியது அல்ல.

சட்டத்தையும் சொல்லி விடுகிறோம். பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் காலம் 2011-ல் முடிந்தது. அதற்குப் பதிலாக 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 53-ஆவது பிரிவு, உணவைப் பற்றித் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை வெளியிடுபவருக்கும் அதில் பங்கு கொள்பவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. தட்டியை அச்சடித்தவர் வேறு ஊரில் இருப்பார். மாட்டியிருப்பது நம் கடையில். அதிகாரி வந்தால் முதலில் நிற்பது நம் வாசலில்தான். ஒரு பாட்டில் இலவசத்துக்கு இவ்வளவு தொல்லையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டுமா?

மஞ்சள் விஷயத்தில் சட்டம் நமக்குப் பாதுகாப்பும் தருகிறது. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. 26-ஆவது பிரிவுப்படி, நமக்குச் சரக்கு விற்பவர் அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும். அவர் தரும் பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சில்லறைக் கடைக்காரரை 27-ஆவது பிரிவு பொறுப்பாளி ஆக்குகிறது. பில் இல்லாமல் கிலோவுக்கு இரண்டு ரூபாய் மிச்சம் பிடித்து வாங்கிய சரக்கில் காரீயம் இருந்தால், அது மண்டிக்காரர் குற்றம் என்று நாம் சொல்லித் தப்ப முடியாது. எந்த மண்டி என்பதற்கு நம் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

இது பற்றிப் பேசியபோது மூத்த உறுப்பினர் ஒருவர் கோபித்துக் கொண்டார். "நம்ம சரக்கைப் பத்தி நாமே பத்திரிகையில் எழுதினா, நாளைக்கு எவன் நம்மகிட்ட மஞ்சள் வாங்குவான்? ஈரோட்டுச் சரக்குக்கும் சேர்த்துக் கெட்ட பேர் வராதா?" என்றார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஈரோட்டு மஞ்சள் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. வேக வைத்து, உலர்த்தி, டிரம்மில் உருட்டி மெருகேற்றினால் அதற்கு வெளிச் சாயம் தேவையே இல்லை. ஆனால் நல்ல சரக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் கெட்ட சரக்கை நாமே பிரித்துக் காட்ட வேண்டும். பார்த்து வாங்குபவர், பார்க்காமல் வாங்குபவர் இருவரும் ஒரே விலை கொடுத்தால் சாயம் போட்டவன்தான் ஜெயிப்பான். பழைய கை ஆசாமிகள் விரலியை உடைத்து உள் நிறம் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள். இப்போது பலரும் மேல் நிறத்தைப் பார்த்தே விலை பேசுகிறோம். டாக்காவில் குற்றத்துக்கு வித்திட்டது இந்தப் பழக்கம்தான் என்பதை அந்த மூத்தவரிடமும் பணிவோடு சொன்னோம். அவர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் தம் கிடங்கிலிருந்து மாதிரி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடையிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் முழு மஞ்சளைப் போடுங்கள். நல்ல மஞ்சள் நிறம் விடாது. சாயம் பூசிய மஞ்சள் போட்டவுடனே தண்ணீரை மஞ்சளாக்கும். இதை உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லித் தந்திருக்கிறது. ஆனால் இதில் தேறி விட்டதால் சரக்கு சுத்தம் என்று எழுதிக் கொடுத்து விடாதீர்கள். கொஞ்சமாகக் கலந்ததையும் தூளாக அரைத்ததையும் ஆய்வகம்தான் கண்டுபிடிக்க முடியும். அதே சட்டத்தின் 40-ஆவது பிரிவு, கட்டணம் கட்டி உணவு ஆய்வாளரிடம் பொருளைச் சோதித்துக்கொள்ளும் உரிமையைச் சரக்கு வாங்கும் யாருக்கும் கொடுத்திருக்கிறது. ஒரு கடைக்காரர் தனியாகக் கட்டுவதென்றால் பாரம். இருபது கடைக்காரர்கள் ஒரே மண்டியின் ஒரே லாட்டை வாங்கும்போது ஒரு சோதனை இருபது பேருக்கும் போதும். சங்கம் எதற்கு இருக்கிறது?

எண்ணெய் விற்பதைப் பற்றி எங்களுக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. நல்ல எண்ணெய் நல்ல சரக்கு. தாளிப்புக்கும் வறுவலுக்கும் வாசனைக்கும் அதற்கென்று இடம் உண்டு. கேட்கிற வாடிக்கையாளரிடம் தானியமும் பயறும் குடலுக்கு நல்லது என்று சொல்வதிலும் தவறில்லை. ஆனால் கேழ்வரகு மூட்டைக்கும் "காரீயம் முறிப்பது" என்று அட்டை எழுதி விடாதீர்கள். நேற்று ஓர் உறுப்பினர் அப்படியும் கேட்டார், அதனால் சொல்கிறோம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, நார்ச்சத்தும் உண்டு. அதைச் சாப்பிடும் பிள்ளையின் குடல் நல்ல நிலையில் இருக்கும், காரீயம் கொஞ்சம் குறைவாக ஏறவும் கூடும். அதற்கு மேல் ஒரு சொல் கூடச் சேர்த்தாலும் நாமும் அந்தத் தட்டிக்காரரும் ஒன்றுதான்.

செயற்குழு எடுத்த முடிவு இது. அந்த எண்ணெய்த் தட்டியை மாட்டியிருப்பவர்கள் இந்த இதழ் கைக்கு வந்த உடனே கழற்றி விடவும். பிரதிநிதி மறுபடி வந்தால் வாசகத்துக்கு எழுத்து மூலம் ஆதாரம் கேட்கவும். மஞ்சள் மாதிரிகளை வரும் மாதக் கூட்டத்தன்று காலை பத்து மணிக்குள் சங்க அலுவலகத்தில் கொடுக்கலாம். முழு மஞ்சளும் தூளும் தனித்தனியாக, ஒவ்வொன்றிலும் கால் கிலோ, புதுப் பாலிதீன் பையில், லாட் எண்ணும் வாங்கிய தேதியும் எழுதி, பில்லின் நகலோடு தரவும். கட்டணத்தில் பாதியைச் சங்கம் ஏற்கும். முடிவு எப்படி வந்தாலும் மாதிரி கொடுத்தவர் பெயர் இந்த இதழில் வராது, சரக்கு எந்த மண்டியிலிருந்து வந்தது என்பது மட்டும் உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கப்படும். பில் இல்லாத மாதிரிகளையும் வாங்கிக் கொள்வோம். ஆனால் அவற்றை அனுப்புவது கடைசியில்தான்.